கேட்டால் கொடுப்பார்களா?

"சாலை நன்றாக இருக்க வேண்டுமா?" என்று சென்னைப் பட்டணத்தில் யாரைக் கேட்டாலும், "இதென்ன கேள்வி?" என்றுதான் பதில் வரும். மழைநீர் வடிகால் வேண்டுமா என்றால், தம் வீட்டு வாசலில் நின்ற தண்ணீரின் ஆழத்தை முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். "அதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வரி கொடுக்கச் சம்மதமா?" என்ற மூன்றாவது கேள்வியில்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. சிலருக்கு அந்தச் சமயம் பார்த்து அவசர ஜோலி ஞாபகம் வந்துவிடும். சிலர் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலோர், "கொடுத்த வரி எங்கே போயிற்று?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள், நாம் ஏதோ ரிப்பன் மாளிகையிலிருந்து வந்தவர்கள் போல!

நமக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். நம் தொழில் உபாத்தியாயம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தெருவெல்லாம் குளமாகிப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும் நாட்களின் பாடத்தை, மார்கழியில் ஓட்டமும் நடையுமாக முடிக்க வேண்டியவர்கள் நாம். வடிகால் ஒழுங்காக இல்லாத ஊரில் இலக்கணமும் ஒழுங்காக நடப்பதில்லை. ஆகையால் அந்த மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பேட்டைகளையும் சுற்றி வருவதென்று தீர்மானித்தோம். கூட வந்தவர் நம் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர். அவர் புறப்படும்போதே ஓர் எச்சரிக்கை செய்தார்: "பதினைந்து பேரைக் கேட்டுவிட்டுப் பட்டணமே சொல்லுகிறது என்று எழுதிவிடாதீர்கள், ஸார்." அந்த வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறோம். கீழே வருவது நாம் கேட்ட பேச்சு, பட்டணத்தின் தீர்ப்பன்று.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. மூன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் வயதானது. 1686இல் கறுப்பர் நகரத்துக்கு மதில் எழுப்புவதற்காகக் கம்பெனியார் வீட்டு வரி கேட்டபோது, ஜனங்கள் கடைகளை அடைத்து எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஸர் ஜோசையா சைல்டு கெட்டிக்கார வியாபாரி. அவர் 1687இல் ஒரு யோசனை சொன்னார். ஜனங்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் வரியாக இருந்தால் பொது நன்மைக்கு ஐந்து ஷில்லிங்கு கூட மனமுவந்து கொடுப்பார்கள். நம் அதிகாரத்தால் கேட்டால் ஆறு பென்ஸ் கூடப் பெயராது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கின் பேரில் மறு வருஷம், 1688 செப்டம்பர் 29இல், சென்னைக்கு மேயரும் ஆல்டர்மென்களும் கொண்ட நகரசபை ஏற்பட்டது. நம் நகரசபையின் பிறப்பிலேயே வரி வசூல் யோசனை கலந்திருக்கிறது என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

"ஐந்து ஷில்லிங்குக்கு அறுபது பென்ஸ். ஆக, சம்மதத்தோடு கேட்டால் பத்து மடங்கு!" என்று கணித ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

சைல்டு எதிர்பார்த்தபடி பணம் குவிந்துவிடவில்லை. பெயரளவில் நகரசபை வந்ததே தவிர, கோட்டையின் கட்டளை கோட்டையின் கட்டளையாகவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடியும் ஒரு மதில் கட்டினார்கள்; அதற்கு மறுபடியும் வரிப் பேச்சு எழுந்தது. இன்று அந்த மதிலில் பெரும்பகுதி இல்லை. வரியின் பெயர் மட்டும் 'வால்டாக்ஸ் ரோடு' என்று பட்டணவாசிகளின் வாயில் நிலைத்துவிட்டது.

மயிலாப்பூரில் நாம் முதலில் போய் உட்கார்ந்த இடம் லஸ் பக்கத்திலுள்ள நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சனம் கண்ட தேசோத்தாரக நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயர் தாங்கிய இடம். காலை வேளையில் பென்ஷன்காரர்களின் மகாசபை அங்கேதான் கூடும். கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் கேள்வியைக் கேட்டதும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"1998இல் சொத்து வரியை மாற்றி அமைத்தார்கள். அப்புறம் இருபது வருஷம் யாரும் கை வைக்கவில்லை. 2018இல் ஒரேயடியாக ஏற்றினார்கள். 2019 நவம்பரில், தேர்தல் வரப்போகிறதென்றோ என்னவோ, நிறுத்தி வைத்தார்கள். 2022இல் மறுபடியும் ஏற்றினார்கள். 2024இல் வருஷத்துக்கு ஆறு சதவீதம் என்று தீர்மானம். ஐயா, நான் வரி கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இருபது வருஷம் பட்டினி போட்டுவிட்டு ஒரே நாளில் விருந்து வைத்தால் வயிறு தாங்குமா?"

அவர் சொன்ன 2022 விவரத்தை நேயர்களுக்காக இங்கே தருகிறோம். நகரின் பழைய எல்லைக்குள், 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று ஏற்றம். சின்ன வீட்டுக்காரர் ஆயிரம் கட்டிய இடத்தில் 1,500. பெரிய வீட்டுக்காரர் ஆயிரத்துக்கு 2,500. பெரியவர்களுக்குப் பெரிய பாரம் என்பது நியாயமான ஏற்பாடே என்று நமக்குத் தோன்றுகிறது. இந்த ஏற்றத்துக்கு டில்லியின் தூண்டுதலும் ஒரு காரணம். சொத்து வரியைச் சீர்செய்யாத நகரங்களுக்கு மான்யம் கிடையாது என்று பதினைந்தாவது நிதிக் குழு நிபந்தனை போட்டிருந்தது.

ஆனால் பெரியவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 2018இல் வரியை ஏற்றியபோது சென்னையில் நகரசபையே இல்லை! 2016இல் பதவிக்காலம் முடிந்த சபைக்கு மறு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். இடையில் அதிகாரிகளின் ஆட்சி. அதற்கு முன்பும், 1973 முதல் 1996 வரை, ஒரு தலைமுறை முழுவதும், கவுன்சிலர் என்றால் என்னவென்று அறியாமலே பட்டணத்தில் குழந்தைகள் பிறந்து வளர்ந்து தாமே வரி கட்டும் வயதையும் அடைந்துவிட்டார்கள். பிரதிநிதி இல்லாமல் வரி கூடாது என்று சொல்லிச் சண்டை போட்ட தேசங்கள் உண்டு. நாம் ரசீது வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டோம்.

பூங்காவை விட்டு மாட வீதிக்கு வந்தோம். லஸ் முனையில் மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைக் குடைந்துகொண்டிருக்கும் வேலையைத் தகர மறைப்புகளின் இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். "கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 532 கோடி" என்றார் நம் நண்பர், ஒரு கடைப்படியில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்து. திருமயிலையில் இரண்டு பாதைகள் பூமிக்கடியில் சந்திக்கப் போகின்றன. பெரும்பகுதி வெளிநாட்டு வங்கிகளிடம் வாங்கும் கடன். இத்தனை பெரிய தொகைக்கு யாரும் நம் சம்மதத்தைக் கேட்கவில்லை. ஜனங்களும் அதைப்பற்றி முணுமுணுக்கக் காணோம். அரையாண்டுக்கு ஐந்நூறு ரூபாய் வரி ஏறினால் எழும் கூக்குரல் 63,246 கோடிக்கு எழாதது மனித சுபாவத்தின் விநோதங்களில் ஒன்று. கடனை யாரோ கட்டுவார்கள். வரியை நாம் கட்ட வேண்டும்!

கோயில் பக்கம் பூ விற்கும் அம்மாளிடமும் நம் கேள்வியைப் போட்டோம். சொத்தே இல்லாதவளிடம் சொத்து வரியைப் பற்றிக் கேட்பது அசட்டுத்தனம் என்று நண்பர் கண்ஜாடை காட்டினார். அந்த அம்மாள் சரத்தைத் தொடுத்துக்கொண்டே, "வரி ஏறிப்போச்சுன்னு வீட்டுக்காரர் வாடகையை ஏத்தினாரு. அப்போ வரி கட்டினது யாருங்க?" என்றாள். நண்பரின் நோட்டுப் புத்தகத்தில் 'வரி செலுத்துவோர்' என்ற பத்தியில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. நம் கல்வியாளர்கள் நீட்டி முழக்கி எழுதும் பொருளாதார சாஸ்திரத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிப் போகும்.

அங்கிருந்து பஸ்ஸில் தியாகராய நகர். நூறு வருஷங்களுக்கு முன் இங்கே ஏரி இருந்தது. 1920களில் ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, பூங்கா வைத்து, நகரசபைத் தலைவராயிருந்த ஸர் பிட்டி தியாகராயர் பெயரைச் சூட்டினார்கள். மனிதர்கள் ஏரியை மறந்துவிட்டார்கள். தண்ணீர் மறக்கவில்லை, ஒவ்வொரு பெருமழைக்கும் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது.

பாண்டி பஜாரில், நடப்பவர்களுக்கென்று அகலமான கல் பாவிய நடைபாதை இருக்கிறது. 'ஸ்மார்ட் ஸிடி' திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாயில் அமைத்து 2019 நவம்பரில் திறந்தார்கள். இதில் பாராட்ட வேண்டிய அம்சம் ஒன்று: கல் பாவுவதற்கு முன்பே, சாலையில் கார்களை நிறுத்திவைத்துச் சில நாட்கள் ஒத்திகை பார்த்தார்கள். ஜனங்கள் நடந்து பார்த்தார்கள். குழந்தைகள் ஓடிப் பார்த்தார்கள். வியாபாரிகள் கல்லாப்பெட்டியைப் பார்த்தார்கள். வினாத்தாளை நீட்டி அபிப்பிராயம் கேட்பதைவிட இது உத்தமமான முறை. வேண்டுமா என்று கேட்பதற்கு முன் என்ன என்று காட்டிவிட்டார்கள் அல்லவா?

தலைக் கிளிப்பும் சீப்பும் விற்கும் இளைஞர் ஒருவர், "நடைபாதை நன்றாகத்தான் இருக்கிறது, சார். பெஞ்சியில் உட்காருகிறவர்கள் நம்மிடமும் ஏதாவது வாங்குகிறார்கள். ஆனால் 2021இல் மழை வந்ததே, அப்போது இந்த ஸ்மார்ட் கல்லெல்லாம் தண்ணீருக்குள் போயிற்று" என்று சிரித்தார். உண்மைதான். அந்த நவம்பர் மழையில் தியாகராய நகர் பட்ட பாடு ஊரறிந்தது. மாம்பலம் கால்வாயில் நடந்துகொண்டிருந்த வேலையே தண்ணீரை மறித்தது என்று புகார் எழுந்தது. ஸ்மார்ட் ஸிடி வேலைகளைப் பற்றி ஆராய மறு வருஷம் அரசாங்கம் ஒரு விசாரணையும் வைத்தது. மேலே போட்ட கல் கண்ணுக்குத் தெரியும். கீழே போட வேண்டிய குழாய் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நடைபாதைக்குச் சுலபமாகக் கிடைக்கும் ஆதரவு வடிகாலுக்குக் கிடைப்பதில்லை. மாம்பலம் ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023இல் திறந்த நாளில் எத்தனை கூட்டம்! கழிவுநீர்க் குழாயைத் திறந்துவைக்க எவர் மாலை வாங்கிக்கொண்டு போகிறார்?

பிற்பகலில் அடையாற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். கஸ்தூரிபா நகர், காந்தி நகர், இந்திரா நகர் என்று தேசியப் பெயர்கள் சூடிய தெருக்கள். மரநிழல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அடுக்கக வீடொன்றின் சங்கச் செயலாளர் நமக்குக் காப்பி கொடுத்து உபசரித்தார். பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ரூபாய், அணா, பைசா தவறாத பேச்சு.

"சென்னைக்காரர்கள் பணம் கொடுக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?" என்று ஆரம்பித்தார். "2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மூன்று மாதம் லாரித் தண்ணீருக்கு நாங்கள் கொடுத்த தொகை, இந்தக் கட்டடத்தார் எல்லாரும் கட்டும் ஒரு வருஷச் சொத்து வரியை விட அதிகம். போர் போட்டோம், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வைத்தோம், காவலுக்கு ஆள் போட்டோம். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு சின்ன நகரசபையை நடத்திக்கொண்டிருக்கிறோம், ஸார்!"

இந்தப் பேச்சு நம்மைச் சிந்திக்க வைத்தது. பணம் இருக்கிறது, கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. 1989இல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்நோரா இயக்கத்தின்போது, இந்தத் தெருக்களிலும் பட்டணத்தின் வேறு பல தெருக்களிலும் வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை போட்டு, குப்பை எடுக்கத் தாமே ஆள் வைத்துக்கொண்டார்கள். நகரசபைக்கு வரி கட்டும்போது முகம் சுளித்தவர்களே அந்தச் சந்தாவை மாதா மாதம் எடுத்து வைத்தார்கள். வண்டி வருவதும் போவதும் பால்கனியிலிருந்து தெரிந்ததே காரணம். அரசாங்கத்தின் 'நமக்கு நாமே' திட்டமும் இந்தச் சூத்திரத்தில் ஓடுவதுதான்: ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

ஆனாலும் இதில் ஒரு குறை. தெருவார் பணம் போட்டால் தெரு சுத்தமாகும். ஆற்றுக்கு யார் பணம் போடுவது? 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, சந்தா கட்டிய தெரு, கட்டாத தெரு என்று வெள்ளம் பார்க்கவில்லை. பணம் போட முடியாத குடிசைக்காரர்கள்தான் ஆற்றங்கரையில் முதலில் நனைந்தவர்கள்.

செயலாளர் 2025 மே மாதத்து விஷயம் ஒன்றையும் எடுத்துக்காட்டினார். நகரசபை 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் மழைநீர் வடிகால்களுக்காக. வட்டி 7.97 சதவீதம். கேட்ட தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கப் பணக்காரர்கள் முன்வந்தார்கள். "பார்த்தீர்களா, நம்பிக்கை!" என்றார். கணித ஆசிரியர் பென்ஸிலை எடுத்தார். "வருஷத்துக்கு வட்டி மட்டும் ஏறக்குறைய 16 கோடி. அதைக் கொடுக்கப் போவது யார்?" என்றார். கடைசியில் எல்லாம் பூக்காரம்மாளின் வாடகையில் வந்து முடிகிறது. பத்திரம் வாங்குகிறவர் காட்டும் நம்பிக்கை வட்டி வருமா என்பதைப் பற்றியது. தெருவில் தண்ணீர் வடியுமா என்ற நம்பிக்கையை அதை வைத்து அளக்க முடியாது.

விடைபெறும்போது, 2022 நகரசபைத் தேர்தலில் யாருக்கு வோட்டுப் போட்டீர்கள் என்று கேட்பது மரியாதை அல்லவாகையால், போட்டீர்களா என்று மட்டும் செயலாளரைக் கேட்டோம். அவர் காப்பி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சென்னையில் அன்று பதிவான வோட்டு 43.59 சதவீதம், மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 61. ஐந்து வருஷம் நடந்த சண்டைக்குப் பிறகு வந்த தேர்தல் போலவா இருக்கிறது?

பொழுது சாய்வதற்குள் ஆலந்தூரையும் பார்த்துவிட வேண்டும் என்று சர்தார் பட்டேல் சாலை வழியாகக் கிண்டியைத் தாண்டிப் போனோம். மூன்று பேட்டை என்று சொல்லிவிட்டு நாலாவது ஊருக்குப் போவானேன் என்றால், நம் கேள்விக்கு உண்மையாகவே பதில் கிடைத்த இடம் அதுதான்.

2011இல் சென்னையோடு சேரும்வரை ஆலந்தூர் தனி நகராட்சி. சுமார் ஒன்றரை லட்சம் ஜனங்கள். மத்தியதர வர்க்கமும் ஏழைகளும் கலந்த ஊர். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க், நிரம்பினால் லாரி, மழை வந்தால் எல்லாம் தெருவில். 1996இல் நகராட்சித் தலைவராக வந்த திரு. ஆர். எஸ். பாரதியும் அவருடன் இருந்த அதிகாரிகளும் பாதாளச் சாக்கடை போடத் துணிந்தார்கள். மதிப்பீடு சுமார் 34 கோடி. ஒரு சின்ன நகராட்சிக்கு அது யானை விலை.

குழாய் வாங்குவதற்கு முன் அவர்கள் செய்த காரியம், வீடு வீடாகக் கேட்டது. சாக்கடை வேண்டுமா, அதற்குப் பணம் கொடுப்பீர்களா என்று இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்டார்கள். நூற்றுக்கு 97 குடும்பம் சரி என்றது. வாயால் சரி என்பது யாருக்கும் சுலபம். ஆகையால் அடுத்த படி: வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் முன்பணம். இன்றைக்கு ஐயாயிரம் அவ்வளவாகத் தெரியாது; தொண்ணூறுகளின் கடைசியில் பல குடும்பங்களுக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். குடியிருப்போர் சங்கங்களோடு தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார்கள். மாதந்தோறும் கட்டணம் உண்டு என்பதையும் முதலிலேயே சொன்னார்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாத ஏழைகளுக்குத் தவணை முறை வைத்தார்கள். வந்த பணத்தை நகராட்சியின் மற்றக் கணக்குகளோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டு வைத்தார்கள். ஒரு முழம் தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் இப்படிச் சேர்ந்தது சுமார் 8 கோடி ரூபாய். மொத்தச் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! மீதிக்குக் கடனும் மான்யமும் கிடைத்தன. கையில் ஜனங்களின் எட்டுக் கோடியோடு போய் நிற்கிற நகராட்சிக்குக் கடன் கொடுக்க எவர்தான் யோசிப்பார்? சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்தத் தனியார் கம்பெனியை அமர்த்தினார்கள். 2000இல் வேலை தொடங்கிச் சில வருஷங்களில் வீடுகளுக்கு இணைப்பு வந்தது.

ஆலந்தூரின் ஒரு குறுகலான தெருவில், வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்ற ஒரு பாட்டியம்மாளிடம் பழைய கதையைக் கேட்டோம்.

"கட்டினோமே, ஐயாயிரம்! என் வளையலை வைத்துக் கட்டினோம். குழி தோண்டின நாளெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்ததும் போய் நின்றுவிடுவார். எத்தனை அடி ஆழம், எந்தக் குழாய் என்று மேஸ்திரியைக் கேட்டுத் துளைத்துவிடுவார். மேஸ்திரி இவரைக் கண்டாலே ஓடுவான்."

"வளையலை மீட்டீர்களா, அம்மா?" என்றார் கணித ஆசிரியர். அவருக்குக் கணக்கு முடிய வேண்டும்.

"அந்தத் தீபாவளிக்கே மீட்டாயிற்று. லாரிக்காரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காசு மிச்சமாயிற்றே!"

இதைப் போல வேறு ஊர்களில் ஏன் அவ்வளவாக நடக்கவில்லை என்று நேயர்கள் கேட்பது நியாயம். தலைவரும் அதிகாரியும் சங்கங்களும் ஒரே சமயத்தில் ஒத்துப்போவது அபூர்வம். ஐயாயிரத்துக்கு வளையல் கூட இல்லாத வீடுகள் நிறைந்த ஊரில் இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்ற கவலையும் நமக்கு உண்டு. ஆலந்தூரில் ஒன்றரை லட்சம் பேர். தலைவர் தெருத்தெருவாகப் போகலாம். சென்னை நகரசபைக்கு இன்று 200 வார்டு.

இதற்கு மருந்தாகத்தான் 2022இல், வார்டுக்குள் இருக்கும் ஜனங்கள் கூடிப் பேச 'ஏரியா சபை' என்று வழங்கும் பகுதி சபைகளுக்கு அரசாங்கம் விதி வகுத்தது. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. நம் வார்டில் அடுத்த கூட்டம் கூடும்போது நாமும் கணித ஆசிரியரும் போவதாக இருக்கிறோம். நம் தெரு வடிகாலின் மதிப்பீடு என்ன, ஆழம் என்ன, எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது என்று மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறோம். பதில் திருப்தியாக இருந்தால், கூடுதல் வரிக்குக் கை தூக்கவும் சம்மதம். அடையாற்றுச் செயலாளரையும் அவர் வார்டுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, வெயில் தாழ்ந்த பிறகு கூட்டம் நடந்தால் யோசிப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார்.